கிரிபத் வந்த பீங்கான்

தேர்தல் கடமை என்றால் எனக்கு எப்போதும் மை பூசும் வேலைதான் வாய்க்கும். 2019 நவம்பர் 16, இலங்கை ஜனாதிபதித் தேர்தல் அன்றும் எங்கள் திருகோணமலையில் அப்படித்தான். காலை ஏழு மணி தொடக்கம் மாலை ஐந்து மணிவரை, வந்தவர்களின் இடது கைச் சின்னி விரலைப் பிடித்து மை இழுத்துக்கொண்டே இருந்தேன். வலை இழுத்துக் காய்த்த விரல், மருதோன்றி மங்கிப்போன விரல், சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்த வெற்றிலைக்கார ஆச்சியின் விரல். விரலைப் பார்த்து ஆளின் தொழிலை ஓரளவு சொல்லிவிடலாம். யாருக்குப் புள்ளடி போடப் போகிறார் என்பதைத்தான் சொல்ல முடியாது.

அந்த முறை 35 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு 26 அங்குல நீளம். ஒரு பெரியவர் அதைக் கையில் வாங்கி இரண்டு முனையையும் பிடித்து விரித்துப் பார்த்துவிட்டு, "இதை மடிப்பதா, சுருட்டுவதா பிள்ளை?" என்று கேட்டார். சாவடியில் இருந்த எல்லோரும் சிரித்தோம், கதவடியில் நின்ற பொலிஸ்காரர் உட்பட. அன்றைய நாளில் மூன்று இனமும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று பிறகு யோசித்தேன். பெட்டியை ஒப்படைத்துவிட்டு இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். என் கையிலும் மை. தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தொலைக்காட்சியில் வடக்கு, கிழக்கு முடிவுகள் வந்தபோது ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சத்தம் கேட்டது. தென்பகுதி முடிவுகள் வர வர அந்தச் சத்தம் ஒவ்வொரு வீடாகக் குறைந்தது. யாரும் தொலைக்காட்சியை அணைக்கவில்லை, ஒலியைத்தான் குறைத்தார்கள். மதியத்துக்குள் விடயம் முடிந்துவிட்டது. கோட்டாபய ராஜபக்ச 52.25 வீதம், சஜித் பிரேமதாச 41.99 வீதம்.

பிற்பகலில் எங்கள் ஊர் அநுராதபுரச் சந்திப் பக்கமிருந்து வெடிச் சத்தம் வரத் தொடங்கியது. சீன வெடிதான், கட்டுக் கட்டாகக் கொளுத்தினார்கள். அம்மா எழுந்து போய் வீதிப் பக்க ஜன்னலைச் சாத்தினார். வெடிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவது அம்மாவுக்கு 2006 ஜனவரியிலிருந்து உள்ள பழக்கம். 2005 நவம்பரில் ஒரு ஜனாதிபதித் தேர்தல் நடந்தது, கோட்டாபயவின் அண்ணன் மகிந்த வென்ற தேர்தல். ஏழு வாரம் கழியவில்லை, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரையும் நீதிமன்றம் விடுவித்தது 2019 ஜூலையில், இந்தத் தேர்தலுக்கு நான்கு மாதம் முன்னர். இந்த முறை வெற்றி பெற்றவர் போர்க்காலத்துப் பாதுகாப்புச் செயலாளர். இதையெல்லாம் அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து அரிசி புடைத்தார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணியிருக்கும். பக்கத்து வீட்டு அன்ரி மதில் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் நீலப் பூ விளிம்பு போட்ட பீங்கான், மேலே வாழையிலை மூடி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர். சித்திரை வருடப்பிறப்பு, வெசாக், அவர்களுடைய மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்குப் பிள்ளை பிறந்தது எல்லாவற்றுக்கும் கிரிபத் வரும், சிங்கள வீடுகளில் நல்ல காரியம் என்றால் அதுதான். கந்தளாயில் அவருடைய தம்பிக்கு வயல். அந்த நெல்லுக் குற்றிய பச்சரிசியில் காய்ச்சிய பாற்சோறு, சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி, ஓரத்தில் கட்டச் சம்பல்.

எதற்காக என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. "அக்கா, சூடாக இருக்கிறது" என்றார். பீங்கானைப் பிடித்திருந்த கையின் சின்னி விரலில் மை. வாங்கிக்கொண்ட அம்மாவின் விரலிலும் மை. இரண்டும் ஒரே போத்தல் மைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் ஒரே சாவடி.

நான் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் அலுவலகம் போனேன். பசி ஒரு காரணம். ருசியும் ஒரு காரணம், அதை மறைப்பானேன். ஆனால் விழுங்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். குசினியில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

அலுவலகத்தில் அன்று வேலை ஓடவில்லை. முற்பகலில் அநுராதபுரத்தில் பதவியேற்பு, ருவன்வெலிசாயவில். தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டிய தாதுகோபம் அது என்பதை அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணக்குப் பிரிவில் இருந்த சிறிய தொலைக்காட்சிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் தோழி மட்டும் தன் மேசையை விட்டு எழும்பவில்லை. ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்த பிறகு, அவர் எந்தக் கூட்டத்திலும் போய் நிற்பதைக் குறைத்திருந்தார்.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாகச் சம்பூரிலிருந்து ஒரு பயிலுநர் பிள்ளை வந்திருந்தாள். சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. பேச்சு நடக்க நடக்க, "என்ன சொல்கிறார்?" என்று பக்கத்தில் நின்ற சிங்கள உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஹொரவப்பொத்தானைப் பக்கத்துக்காரர், நல்ல தமிழ். பொறுமையாக ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாட்டின் பாதுகாப்பு, ஊழலற்ற நிர்வாகம், எல்லோருக்கும் தான் ஜனாதிபதி என்று.

சிங்களப் பெரும்பான்மை வாக்குகளால் மட்டுமே வெல்லலாம் என்பது தனக்குத் தெரிந்திருந்தது, தமிழ், முஸ்லிம் மக்களையும் சேர்ந்துகொள்ளக் கேட்டேன், எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்ற கருத்தில் ஓர் இடம் வந்தது. அந்த இடத்தில் அவர் வாய் நின்றுவிட்டது. இரண்டு மூன்று விநாடிதான். பிறகு, "எல்லோரும் சேர்ந்து வேலை செய்வோம் என்கிறார்" என்றார். அதுவும் பேச்சில் இருந்த விடயம்தான், பொய் இல்லை. இடையில் இருந்ததைத்தான் விழுங்கிவிட்டார்.

நான் வேலையில் நிலைப்பதற்காக இரண்டாம் மொழிப் பரீட்சைக்குச் சிங்களம் படித்தவள். விடுபட்டது என்ன என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவர் யாருக்கு வாக்களித்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அந்த வசனத்தை ஏன் விட்டார் என்றும் கேட்கவில்லை. வெட்கமா, இரக்கமா, அலுவலகத்தில் வீண் வம்பு வேண்டாம் என்ற சாதாரண முன்யோசனையா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கலாம். சம்பூர்ப் பிள்ளை அன்று பின்னேரமே முகநூலில் முழுவதையும் தமிழில் படித்துவிட்டாள் என்பது வேறு விடயம்.

முகநூல் என்றதும் அந்த வரைபடம் நினைவுக்கு வருகிறது. 22 தேர்தல் மாவட்டங்களில் 16 ஒரு நிறம், வடக்கும் கிழக்கும் நுவரெலியாவும் சேர்ந்த ஆறு இன்னொரு நிறம். இரண்டு பக்கத்தாரும் அதையே பகிர்ந்தார்கள். "பாருங்கள், இவர்கள் இன்னும் தனிநாடு கேட்கிறார்கள்" என்று அங்கே ஒருவர். "பாருங்கள், நாங்கள் வேறு நாடுதான் என்று அவர்களே வரைந்து தந்துவிட்டார்கள்" என்று இங்கே ஒருவர். கனடாவிலிருந்து என் ஒன்றுவிட்ட அண்ணா அதை மூன்று தடவை அனுப்பினார்.

எனக்கு அந்தப் படத்தைக் கண்டாலே எரிச்சல். திருகோணமலை மாவட்டத்தில் சஜித்துக்கு 72 வீதம் விழுந்தது உண்மை. கோட்டாபயவுக்கு 54,135 பேர் வாக்களித்ததும் உண்மை. நான்கு பேரில் கிட்டத்தட்ட ஒருவர். அந்த 54,135 பேரையும் நிறம் தீட்டியவர் எங்கே வைத்தார்? ஒருத்தி எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், பீங்கான் எங்கள் வீட்டில் இருக்கிறது. மறுபக்கத்தில், 72 வீதமும் சஜித்தின் மேல் கொண்ட காதல் என்று நினைத்தால் அதைவிடப் பெரிய பகிடி கிடையாது. 2010 இல் இதே மாவட்டம், போரை முன்னின்று நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்குப் பெரும்பான்மை கொடுத்தது. எதிரே நின்றவர் மகிந்த ராஜபக்ச என்ற ஒரே காரணம்தான். எங்கள் ஆட்களுடைய புள்ளடியில் பாதி "இவர் வேண்டும்" அல்ல, "அவர் வேண்டாம்". வேண்டாம் என்பதற்கு வாக்குச்சீட்டில் தனிக் கட்டம் இல்லாததால் பக்கத்துக் கட்டத்தில் போடுகிறோம்.

சரி, பீங்கானுக்கு வருகிறேன்.

சாப்பாடு வந்த பீங்கானை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஏதாவது பலகாரம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சீப்பு வாழைப்பழம். வழமையாக இரண்டு நாளில் போய்விடும். இந்தத் தடவை அம்மா அதைக் கழுவித் துடைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். அங்கேயே இருந்தது. ஒரு வாரம் கழிந்து நான் கேட்டதற்கு, "எதை வைத்துக் கொடுப்பது?" என்று திருப்பிக் கேட்டார். பலகாரம் வைத்தால் நாங்களும் கொண்டாடுகிறோம் என்று ஆகிவிடும். வெறுமனே கொடுத்தால் சண்டை. வாழைப்பழம் இரண்டுங்கெட்டான். அம்மாவின் கணக்கு அப்படி. நான் சிரித்தேன், ஆனால் என்னிடமும் பதில் இல்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நீலப் பூ விளிம்பு கண்ணில் படும்.

டிசம்பரில் கார்த்திகை விளக்கீடு வந்தது. அம்மா கொழுக்கட்டை அவித்து, அந்தப் பீங்கானில் அடுக்கி, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மூன்று வாரம் காத்திருந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பண்டிகை, எங்கள் பலகாரம், தேர்தலோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அன்ரி, "இவ்வளவு நாள் பீங்கான் எங்கே போனது?" என்று கேட்டாராம். "மறந்துபோய்விட்டது" என்று அம்மா சொன்னாராம். அவர் நம்பியிருக்க மாட்டார்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினாலும் அந்தப் போக வயலுக்கு அது பிந்திவிட்டது. கந்தளாய்த் தம்பியின் வயலில் விளைந்தது வீட்டுச் செலவுக்கே காணவில்லை. அடுத்த சித்திரைக்கு அன்ரி வீட்டிலிருந்து பீங்கான் வரவில்லை. அந்தச் சித்திரையில் யார் வீட்டிலிருந்தும் எதுவும் வரவில்லை என்பதே சரி. பால்மா இல்லை, எரிவாயு இல்லை, நாங்கள் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தோம்.

மே 9 இல் பிரதமர் பதவியை விட்டு விலகிய மகிந்த ராஜபக்சவை மறுநாள் எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று செய்தி பரவியது. தளத்துக்கு முன்னால் சனம் கூடிச் சத்தம் போட்டது. ஊரடங்கு, நாங்கள் வீட்டில்தான். அன்ரி மதிலுக்கு மேலால் எட்டி, "தெரியுமா அக்கா, இங்கேதான் இருக்கிறாராம்" என்றார். குரலில் இருந்தது கோபமா, அவமானமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அம்மா தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே வந்து, மெல்லிய குரலில், "கிரிபத் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுக்கலாமே" என்றார். மதிலடியில் வைத்து அதைச் சொல்லவில்லை. அம்மாவை எனக்கு அந்த நேரத்தில் நிறையப் பிடித்தது.

ஜூலையில் கோட்டாபயவும் போனார். அதற்கும் அநுராதபுரச் சந்திப் பக்கம் வெடி கேட்டது. அம்மா ஜன்னலைச் சாத்தினார்.

பிறகு 2024 செப்டெம்பர் 21. எங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று சின்னம். தம்பி அநுரவின் திசைகாட்டி என்று பகிரங்கமாகவே சொல்லித் திரிந்தான். அம்மா தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்கு என்பது என் ஊகம். என்னுடையதை எழுத மாட்டேன், மை பூசுகிறவளுக்கு அவ்வளவு ஒழுக்கமாவது வேண்டும். அன்றிரவு ஊரடங்கு. முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதி கிடைக்கவில்லை, அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம். வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணினார்கள், முடிவு வர ஞாயிறு மாலையாகிவிட்டது. எங்கள் மாவட்டம் திரும்பவும் சஜித். வரைபடம் திரும்பவும் வந்தது, அண்ணா கனடாவிலிருந்து திரும்பவும் அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து நடந்த பாராளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்பைத் தவிர எல்லா மாவட்டமும் திசைகாட்டிக்குப் போனது. அந்தப் படத்தை மட்டும் அண்ணா அனுப்பவில்லை.

செப்டெம்பர் முடிவு வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை அன்ரி தன் வீட்டு வளவைக் கூட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை திசைகாட்டிக்குத்தான் போட்டதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார், நாங்கள் கேட்காமலே. அம்மா மதிலடிக்குப் போய், "என்ன, இந்த முறை கிரிபத் இல்லையா?" என்று கேட்டார். ஐந்து வருடம் அடக்கி வைத்திருந்த கேள்வி.

அன்ரி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்று கொஞ்ச நேரம் சிரித்தார். "போன ஆள் இரண்டு வருடமும் எட்டு மாதமும் இருந்தார். இவர் அதைத் தாண்டட்டும் அக்கா, பிறகு காய்ச்சுகிறேன்."

அம்மா உள்ளே வந்து விரல் விட்டு எண்ணினார். 2027 மே மாதம் வருகிறது. "வெசாக்கும் அந்தப் பக்கம்தானே" என்றார், "இரண்டுக்கும் சேர்த்து ஒரே பீங்கானில் தந்து சமாளித்துவிடுவாள்."