காயடித்துவிடுங்கள் என்று சொன்னேன்

கறுப்பு ஆங்கஸ் இனப் பசுக்களுக்கும், சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமான ஹியர்ஃபோர்ட் இனக் காளைக்கும் அந்த வருஷம் பிறந்த கன்றுகளிலேயே அவன்தான் பெரியவன். கறுப்பு உடம்பு, வெள்ளை முகம், பால்குடி மறக்கும்போது மற்றக் கன்றுகள் எதுவும் அவன் எடைக்குப் பக்கத்தில் இல்லை. மந்தைக்காரர் கேட்டார்: "தம்பி, வீட்டிலேயே இப்படி ஒண்ணு இருக்கும்போது பொலிகாளையை வெளியே போய் வாங்கணுமா?"

காயடித்துவிடுங்கள் என்றேன். காரணமும் சொன்னேன். முதல் தலைமுறைக் கலப்பில் இரண்டு இனமும் சரிபாதியாகச் சேர்வதால் வருவது இந்தக் கலப்பு வீரியம், அதாவது பெற்ற இனங்களைவிட நன்றாக வளரும் தன்மை, அந்தச் சேர்க்கையை அவன் அப்படியே கன்றுக்குக் கொடுக்க முடியாது, தன்னைப் போன்ற கலப்பினக் கிடாரிகளோடு சேர்ந்தால் வீரியத்தில் பாதிதான் மிஞ்சும், ஏறக்குறைய நாலில் ஒரு கன்று சிவப்பாக வரும், அதுபோக இங்கே இருக்கிற கிடாரிகள் எல்லாம் அவன் தகப்பனுக்கே பிறந்தவை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இவன்கிட்ட இருக்கிறது இவனோடேயே போயிடுமா?" என்றார். "பாதி போயிடும்" என்றேன்.

பாதி நிற்கும் என்றும் சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் என்னை உறுத்துவது அதைவிட வேறொன்று. கலப்பு வீரியம் அந்த வருஷக் கன்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதானே? அப்படியானால் அவன் கூடப்பிறந்தவர்களைவிடப் பெரிதாக இருந்ததற்கு வீரியம் காரணமாக இருக்க முடியாது. வளர்ச்சி ஓரளவு நன்றாகவே வழிவழியாக இறங்கும் குணம். கருத்தரிப்பு மாதிரி, கலப்பு இல்லாமல் எளிதில் மேலே வராத குணமில்லை.

சரி, தாய்க்குப் பால் அதிகம் இருந்திருக்கலாம், சீக்கிரம் பிறந்திருக்கலாம். அதையெல்லாம் கழிக்கத்தான் பால்குடி மறக்கும்போதுள்ள எடையை 205 நாள் வயதுக்கான எடையாகத் திருத்தி, தாயின் வயதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறோம். அவனுக்குப் போட்டோமா? பிறந்த தேதி எழுதிவைக்கவில்லை, போட வழியில்லை. கலப்பினக் காளை பொலிக்கு ஆகவே ஆகாது என்பதும் இல்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் கிளே சென்டர் கால்நடை ஆராய்ச்சி மையத்தில் கலப்பினக் காளைகளையே பொலிக்கு விட்டு, தலைமுறை தாண்டியும் வீரியத்தில் பெரும்பங்கைத் தக்கவைத்தார்கள். ஆனால் அங்கே ஒரே தகப்பன் வழியில் சிக்காத அளவுக்குக் காளைகள் இருந்தன, இங்கே இருந்தது ஒரே ஒரு கன்று. சொந்தத் தங்கைகள்மேல் அவனை விடச் சொல்லியிருக்க முடியுமா? முடியாது. ஆங்கஸ் பசுக்களுக்கு மட்டும், அவன் தாயை ஒதுக்கிவிட்டு, ஒரு பருவத்துக்கு அவனைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாமோ?

வாங்கிய காளைக்கு நல்ல கன்றுகளே பிறந்தன. அவர் குறை சொன்னதில்லை. இப்போதும் யாராவது கேட்டால் காயடிக்கத்தான் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் பிறந்த தேதி இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன்.