சுக்கானின் வாயிலிருந்து வாங்கியவை

வாயின் இடது ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தங்கூசி, அதாவது தூண்டிலின் நைலான் நூல், தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனையில் தூண்டில் முள். அந்த முள் எங்கள் நாய்க்குட்டி சுக்கானின் நெஞ்சுக்குள் எங்கோ இருந்தது. அவனுக்கு அப்போது மூன்றரை மாதம்.

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில், வடகடல் பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலைகளெல்லாம் மணலில் விரிந்து கிடக்கும். அந்த நாட்களில்தான் என் மகன் ஒரு படகின் நிழலிலிருந்து இந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். படகைத் திருப்புவது சுக்கான், இவன் நம் வீட்டையே திருப்புவான் என்று சொல்லிப் பெயர் வைத்தது மாமா, என் கணவரின் அப்பா. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட அவர் வாசல் புங்கமரத்தடியில் உட்கார்ந்து வலை பொத்துவார், மகனுக்குத் தூண்டில் கட்டிக் கொடுப்பார்.

குட்டி வாய் வைக்காத பொருள் இல்லை. கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டைக் கறுக் கறுக்கென்று கடிப்பான். நண்டுக் கால், உடைந்த சிப்பி, அறுந்த வலைத் துண்டு, பிளாஸ்டிக் மூடி, வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு, எல்லாம் வாய்க்குள் போகும். ஒவ்வொரு முறையும் நாங்கள் செய்தது ஒன்றுதான். "ஏய், துப்பு!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடுவோம். ஒருவர் மடக்கிப் பிடிப்பார், இன்னொருவர் தாடையைப் பிளந்து விரலை விட்டு எடுப்பார். எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். அது எவ்வளவு பெரிய தவறு என்று ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் தெரிந்தது.

அன்று காலை மாமா கணவாய்த் துண்டுகளை முள்ளில் குத்தி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு கீழே விழுந்தது. சுக்கான் கவ்வினான். மகன் அலறினான், நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன், மாமா கையை நீட்டினார். மூன்று பேர் மூன்று பக்கமிருந்து வருவதைப் பார்த்தவன் மெல்லக்கூட இல்லை. தலையை ஒருமுறை மேலே உதறினான். கணவாயும் முள்ளும் உள்ளே போய்விட்டன.

மாமா தங்கூசியைப் பிடித்து இழுக்கப் போனார். மீனின் வயிற்றிலிருந்து எத்தனையோ முறை முள்ளை எடுத்த கை அது. நான் தடுத்துவிட்டு, எங்கள் ஆடுகளுக்கு ஊசி போட வரும் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் வேகமாகச் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் கடற்கரையில் நாய் வளர்க்கும் எவருக்கும் இது வேண்டும். "இழுக்காதீர்கள். முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் கூர் உணவுக்குழாயைக் கிழித்துவிடும். நூலை அறுக்கவும் வேண்டாம், அதுதான் எங்களுக்குப் பிடிமானம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்காமல் உடனே கிளம்புங்கள்." அப்படி அழைக்க யாரும் இல்லாதவர்கள் 1962 என்ற கால்நடை உதவி எண்ணை இப்போதே செல்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் பாலத்தை அதற்கு முன் எத்தனை முறை கடந்திருப்பேன் என்று கணக்கில்லை. அன்று போல அது நீண்டதில்லை. பின் இருக்கையில் மகன் சுக்கானை மடியில் வைத்துக்கொண்டு, தங்கூசியின் நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தான். இழுக்கவும் கூடாது, உள்ளே போகவும் விடக்கூடாது. ஒன்பது வயதுப் பையன் வழி முழுக்க அந்த விரல்களைத் தளர்த்தவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரைப்பைக்குச் சற்று மேலே வெள்ளையாக ஒரு கொக்கி. நைலான் நூல் எக்ஸ்ரேயில் விழாது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். வாயில் நூல் தொங்காமல், முழுவதும் உள்ளே போயிருந்தால் அதைத் தேடுவது எவ்வளவு கடினம் என்றும் புரிந்தது. குடலுக்குள் போகும் நூல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் குடல் அதன் மேல் சுருக்குப்பை போலச் சுருங்கி அறுபடுமாம். பரமக்குடி, மானாமதுரை தாண்டி மதுரைக்குப் போகச் சொன்னார்கள்.

மதுரையில் மயக்கம் கொடுத்து, வெளியே தொங்கிய தங்கூசியை ஒரு நீண்ட மெல்லிய குழாய்க்குள் கோத்தார்கள். நூல் வழியாகவே குழாயை மெதுவாக உள்ளே தள்ளி, முள்ளின் வளைவு வரை கொண்டுபோய், சற்றே கீழ்நோக்கி அழுத்தினார்கள். பிடித்திருந்த சதையிலிருந்து முள் விடுபட்டது. பிறகு நூலை இறுக்கிப் பிடித்து, முள்ளின் கூர் குழாயோடு ஒட்டியபடி இரண்டையும் சேர்த்து வெளியே எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவர் அந்த முள்ளை ஒரு பஞ்சில் வைத்து என்னிடம் காட்டினார். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

சுக்கான் மயக்கம் தெளியும் வரை அந்த மருத்துவர் அம்மா எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். "இதற்கு முன்பு அவன் வாயிலிருந்து பொருளை எப்படி எடுப்பீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "நீங்கள்தான் அவனுக்கு விழுங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். வாயில் இருப்பதை மனிதர்கள் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்த குட்டி, பிடுங்குவதற்கு முன் விழுங்கிவிடும். நாம் எவ்வளவு வேகமாக ஓடுகிறோமோ அவ்வளவு வேகமாக விழுங்கும். குட்டி உலகத்தை வாயால்தான் தொட்டுப் பார்க்கிறது, பெரும்பாலும் கீழே போட்டுவிடும். போடவிடாமல் செய்தது எங்கள் ஓட்டம்.

வீடு திரும்பியதும் முதல் விதி: யாரும் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, வாயைப் பிளக்கக்கூடாது. எழுதுவதற்கு எளிது. கடைப்பிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது, அதிலும் மாமாவுக்கு.

இரண்டாவது, பண்டமாற்று. வேகவைத்த முட்டையைச் சுண்டல் கடலை அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டேன். கருவாட்டைத்தான் அவன் உயிராக விரும்புவான், ஆனால் அதில் இருக்கும் உப்பு குட்டிக்கு ஆகாது. முதலில் அவனுக்கு அவ்வளவாக ஆசையில்லாத ஒரு பொருள், பழைய அகப்பைக் காம்பு. அவன் அதை வாயில் வைத்திருக்கும்போது முட்டையை மூக்கருகே காட்டுவேன். காம்பு தானாக விழும். முட்டை அவனுக்கு. அடுத்து நான் செய்ததுதான் மிக முக்கியமானது: காம்பை எடுத்து மறுபடியும் அவனிடமே கொடுத்துவிடுவேன். கொடுத்தாலும் போய்விடாது, கூடுதலாக ஒன்று கிடைக்கும், பொருளும் திரும்ப வரும் என்று அவன் நம்ப வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்தாறு முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. நான்காம் நாளிலிருந்துதான் வாய் திறக்கும் அந்தக் கணத்தில் "விடு" என்ற சொல்லைச் சேர்த்தேன். முதல் நாளே சொல்லைக் கத்தினால் அது வெறும் சத்தம்தான்.

அகப்பைக் காம்பிலிருந்து கிழிந்த செருப்பு, செருப்பிலிருந்து கணவாய் ஓடு, ஓட்டிலிருந்து மீன் தலை என்று ஏறிக்கொண்டே போனோம். மீன் தலையில் பத்து நாள் நின்றுவிட்டோம். அதற்கு முட்டை ஈடாகவில்லை, கோழி ஈரலுக்கு மாறினேன். நாயின் கண்ணில் எது உசத்தி என்பதை நாய்தான் சொல்ல வேண்டும்.

"நாய்க்குக் கூலி கொடுத்துப் பொருளை வாங்க வேண்டுமா தாயி?" என்று மாமா கேட்டார். "நீங்கள் பிடுங்கியதால்தானே மாமா அன்றைக்கு விழுங்கினான்" என்று வாய்வரை வந்துவிட்டது, சொல்லவில்லை. அந்த முள்ளை அவர் தன் நூல்கண்டுப் பெட்டியில் எடுத்து வைத்திருப்பதைப் பார்த்திருந்தேன்.

பயிற்சி பலிக்கும் வரை தரையைச் சுத்தமாக வைக்க வேண்டுமே. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, மகன் தினமும் காலையில் மரத்தடி மணலில் இழுத்துக்கொண்டு போவான். முதல் நாள் மட்டும் ஏழு முள், நான்கு ஆணி. ஈயம் காந்தத்தில் ஒட்டாது, அதைக் கண்ணால்தான் பொறுக்க வேண்டும். ஈயக்குண்டு வயிற்றில் தங்கினால் இரத்தத்தில் கலந்து நரம்பைக் கெடுக்கும் என்று மருத்துவர் எச்சரித்ததிலிருந்து மாமா அறுந்த குண்டுகளை மூடி போட்ட டப்பாவில்தான் போடுகிறார்.

கரைக்குக் கூட்டிப்போகும்போது வாய்க்கூடை. கன்றுக்குட்டி மண் தின்னாமல் இருக்கக் கட்டுவார்களே, அதேபோல மாமா பனைநாரில் ஒன்று பின்னிக் கொடுத்தார். அழகாக இருந்தது. அரை நாளில் நாரைக் கடித்துத் தின்னத் தொடங்கிவிட்டான். பிறகு ரப்பர் பூசிய கம்பிக் கூடை ஒன்றை வாங்கினேன். வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்க வேண்டும், எங்கள் வெயிலுக்கு அது இல்லாவிட்டால் ஆபத்து. கூடைக்குள் ஈரலை வைத்து அவனே மூக்கை நுழைக்கும்படி ஒரு வாரம் பழக்கினேன்.

பல் விழும் பருவம் வேறு. 28 பால் பற்கள் போய் 42 பற்கள் முளைக்கும் காலம், நான்கிலிருந்து ஆறேழு மாதம் வரை ஈறு ஊறிக்கொண்டே இருக்கும். முடிச்சுப் போட்ட பருத்தித் துணியை நனைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுப்பேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். மலத்தைச் சோதித்ததில் புழு இருந்தது. குடற்புழு மருந்து கொடுத்த பிறகு மண் தின்பது வெகுவாகக் குறைந்தது. அதை முதலிலேயே பார்த்திருக்கலாம்.

ஆவணியில் ஒரு நாள் மாலை கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். வேண்டாத மீன்களை மணலில் கொட்டியிருந்தார்கள். அன்று வாய்க்கூடையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். சுக்கான் கயிற்றின் முழு நீளத்துக்கும் பாய்ந்து ஒன்றைக் கவ்வினான். திரும்பியபோது அவன் வாயில் ஊதிப்போன வெள்ளை வயிறு தெரிந்தது. பேத்தை. ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது, அதற்கு மாற்றுமருந்தும் இல்லை. எங்கள் கரையில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த மீன்.

கால்கள் ஓடத் துடித்தன. நின்ற இடத்திலேயே நின்றேன். கையை மடிக்குள் விட்டு ஈரல் டப்பாவின் மூடியைத் தட்டினேன். "சுக்கான், விடு." குரல் எனக்கே நடுங்கிக் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான். பேத்தை மணலில் விழுந்து உருண்டது. டப்பாவில் இருந்த அத்தனையும் அவனுக்குத்தான். அவன் தின்னும்போது மீனைக் காலால் மணல் தோண்டிப் புதைத்தேன். கடித்த தடம் இல்லை. வீட்டுக்கு வந்து அவன் வாயைத் தண்ணீரால் கழுவி, தள்ளாட்டமோ வாந்தியோ வருகிறதா என்று இரவு முழுக்க விழித்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இப்போது ஒன்பது மாதம். கடற்பாசி காயவைக்கும் நாட்களில் மட்டும் இன்னும் அவனை நம்ப முடியவில்லை. காய்ந்த பாசியைக் கண்டால் டப்பா, ஈரல் எல்லாம் மறந்துபோகிறது. ஒரு பிடி பாசியைக் கிண்ணத்தில் ஊறவைத்துப் பார்த்தேன், காலையில் கிண்ணம் கொள்ளவில்லை. குடலுக்குள் அப்படி உப்பினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதனால் காயவைக்கும் இடத்தைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டியிருக்கிறோம். நேற்று மாமா தட்டியின் அடியில் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்து, கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். சுக்கான் பக்கத்தில் வந்து எதையோ அவர் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஓர் ஈயக்குண்டு. மாமா அதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து முட்டைத் துண்டை எடுத்தார்.