இருங்கள், பார்க்கலாம்

உலர்த்திய தாவரங்களைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் ஹெர்பேரிய அறைக்கு வெளியே, வராந்தாவில் நின்றுதான் எங்கள் துறையின் கௌரவ விரிவுரையாளர் கேட்டார். "மேடம், சார் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்தை நிரப்புவார்களா?" கையிலிருந்த விடைத்தாள் கட்டைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்: "இருங்கள், பார்க்கலாம்."

ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் இருக்கிறார். நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நான் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. பேராசிரியர் ஓய்வு பெற்றால் காலியிடம் உருவாகும். அதை நிரப்புவது துறைத் தலைவரின் கையில் இல்லை. நிதி ஒப்புதல் வர வேண்டும், இடஒதுக்கீட்டுக்கான 200 புள்ளி இனச்சுழற்சியில் அது யாருக்குரிய இடம் என்று முடிவாக வேண்டும், அதன் பிறகுதான் அறிவிக்கை. இனச்சுழற்சி மீது எனக்குக் குறை ஏதும் கிடையாது. நானும் அந்த வழியாக வந்தவள்தான். முதல் படியான நிதி ஒப்புதலே இன்றுவரை வரவில்லை. இதெல்லாம் அவருக்கும் தெரியும். முனைவர் பட்டம் முடித்த, முப்பது வயது தாண்டிய ஒருவர் ஒரு சொல்லை நம்பி வாழ்க்கையை முடிவு செய்துவிடுவாரா என்று பல இரவுகள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன்.

ஆனால் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் "இருங்கள்" என்று ஏன் சேர்த்தேன்?

கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து அவருக்குப் பணி ஆணை வந்திருந்தது. அது எனக்குத் தெரியாது என்று பிறகு ஒரு முறை மற்றவர்களிடம் சொன்னேன். அது பொய். அன்று காலையிலேயே துறை அலுவலக உதவியாளர் என்னிடம் சொல்லிவிட்டார்.

சாருக்கு அந்த நவம்பரில் அறுபது. மறுநியமனத்தில் மே மாதக் கடைசி வரை இருப்பார். முப்பது ஆண்டுகளாகக் கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் அவர் சேகரித்த தாவரத் தாள்கள் அலமாரி அலமாரியாக இருந்தன. பழைய தாள்கள் பலவற்றில் ஊர்ப்பெயர் மட்டும்தான். எந்தச் சரிவு, எந்த ஓடைக்கரை என்பது அவர் நினைவில் மட்டுமே இருந்தது. ஓய்வு என்றால் நம் பல்கலைக்கழகங்களில் சால்வை, மாலை, ஓய்வூதியக் கோப்பு, அத்தோடு முடிந்தது. இந்த முறை அப்படி விடக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். அந்த ஓராண்டும் இளையவரைச் சாரின் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். இருவரும் தாள் தாளாக எடுத்து எழுதினார்கள். விடுமுறை நாள்களில் மலைக்கும் சேர்ந்து போனார்கள். ஆசிரியப் பணியில் நான் செய்தவற்றில் உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்வேன்.

அந்தத் திட்டத்துக்கு அவர் வேண்டியிருந்தது. "இருங்கள்" அதற்காக வந்த சொல். அதை அவருக்காகச் சொன்னதாகத்தான் அப்போது நம்பினேன். பாதியாவது அவருக்காக இருந்திருக்கும் என்று இப்போதும் நம்ப விரும்புகிறேன்.

கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. எங்கள் துறையில் அதில் பாதிகூட வருவதில்லை. கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. நிரந்தரப் பணியில் இல்லாததால் அவரால் நெறியாளராகவும் முடியாது. என் பெயரில் பதிந்திருக்கும் இரண்டு ஆய்வு மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போவதும், அவர்கள் வரைவைத் திருத்துவதும் அவர்தான். ஆய்வேட்டின் முகப்பில் என் பெயர் வரும். ஒரு முறை இதற்காக அவரிடம் வருத்தம் தெரிவிக்கப் போனேன். "பரவாயில்லை மேடம், பசங்க நல்லா செய்றாங்க" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

இப்போது என் முறை. ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் புதிய ஆய்வு மாணவர்களை எடுக்கக்கூடாது என்பது 2022இன் விதி. நான் அந்த எல்லைக்குள் வந்துவிட்டேன். பொறுப்புகளை யாரிடம் ஒப்படைப்பது என்று பட்டியல் போட உட்கார்ந்தால், ஹெர்பேரியத்துக்கு நேராக எழுத ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் அந்தப் பெயரை எழுத முடியாது. நிரந்தர ஆசிரியர்தான் கையெழுத்திட வேண்டும்.

அன்று நான் போகச் சொல்லியிருந்தால்? அந்தக் கல்லூரியிலும் நிரந்தரம் என்று எதுவும் இல்லை. ஒரு கல்வியாண்டில் அனுப்பிவிட்டிருக்கலாம். இந்த நியாயம் சில நாள்களில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. சில நாள்களில் இல்லை.

போன மாதம் பணி அனுபவச் சான்றிதழ் கேட்டு வந்தார். வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாராம். இருக்கச் சொல்லக்கூடாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டு முத்திரை வைத்தேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு, "இந்தப் பருவத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் மேடம்" என்றார். கேட்டதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி.