ரி-யில் இடறும் கட்டைவிரல்

மூன்று வாரமாக ஒரே அலங்காரம்தான், கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பயிற்சி. சின்ன வயதில் பாட்டு வகுப்பில் தூக்கக் கலக்கத்தில்கூடப் பாடிய அதே ஏக தாளம், ஸரிகம, ரிகமப, கமபத என்று படியேறிப் போகுமே, அது. இப்போது மும்பை செம்பூர் வீட்டில், மகளுடைய கீபோர்டில், ராத்திரி அவள் தூங்கினபிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு.

ஸ்கேல், அதாவது ஸ்வரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிக்கிற விரல் கணக்கையே முதலில் இதற்கும் போட்டேன். வலது கையில் கட்டைவிரல் 1, ஆள்காட்டி 2, இப்படிச் சுண்டுவிரல் 5. ஸரிக-வுக்கு 123, ம-வுக்குக் கட்டைவிரலை அடியில் நுழைத்து மறுபடி 1. ஸ்கேலுக்கு அது சரி. இங்கே முதல் துண்டு 1231, அடுத்தது 2312, அப்புறம் 3123 என்று ஒவ்வொன்றுக்கும் விரலுக்குப் புதுப் பாடம். போதாததற்குக் கட்டைவிரல் விழுகிற ம மட்டும் ஓங்கி ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமை ஹெட்போன் இல்லாமல் வாசித்தபோது மகள், "ஏம்ப்பா ம-வை மட்டும் அடிக்கிறே?" என்றாள்.

சரி, எல்லாத் துண்டுக்கும் 1234 என்று மாற்றினேன். ஹார்பர் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாட்களில் மடியில் இருந்த பைமேல் தட்டித் தட்டி மூன்று காலமும், அதாவது மூன்று வேகமும், வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்தால் ரிகமப-வில் இடறுகிறது! இதை வாசிக்கிற ராகமான மாயாமாளவகௌளையில் ரி கறுப்புக் கட்டை. பைக்கு ஏது கறுப்புக் கட்டை? ஒரு கட்டை சுருதியில் (ஸ கீபோர்டின் C-யில்) ஏறும்போது ஐந்து துண்டில் இது ஒன்றுதான் கறுப்பில் தொடங்குகிறது, ஆனால் குட்டையான கட்டைவிரலை அங்கே ஏற்றினால் கையே உள்ளே தள்ளிப் போய்த் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

தீர்வு விரலடியிலேயே இருந்தது. ஸரிகம முடிந்ததும் ரி-மேல் ஆள்காட்டி விரல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்தாமல் 2345, சுண்டுவிரல் தானாகப் ப-வில். கை அசையவே இல்லை. இறங்கும்போது பமகரி-க்கு 5432, அப்படியே மகரிஸ 4321, அங்கேயும் கை அதே இடம். மற்ற எல்லாம் பழைய 1234, 4321தான். மெட்ரோனோம் நிமிஷத்துக்கு 60 தட்டுகிறபோது மூன்றாம் காலம் இப்போது இடறாமல் போகிறது. இடது கை தனிக் கதை, தொடவில்லை.

ஆசை யாரை விட்டது, இரண்டு கட்டை சுருதிக்கு (ஸ D-யில்) மாற்றிப் பார்த்தேன். அங்கே ரி, க இரண்டுமே கறுப்பு. ரிகமப முன்போலவே 2345. கமபத-வுக்கும் அதையே போட்டால் சுண்டுவிரல் கறுப்புத் த-வை எட்டிப்பிடிக்கிறது. 2123 போட்டால் சுகமாக இருக்கிறது, ஆனால் கட்டைவிரல் மறுபடி ம-வில். நேற்று ராத்திரி இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். 2123 பக்கம்தான் சாய்கிறேன், மகளிடம் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.