பொங்கோல் தண்ணீரும் சோங் பாங் மீன்கடையும்

சிங்கப்பூரில் எந்தப் பேட்டையில் வீடு வாங்குவது என்பதைத் தவிர மூன்று மாதமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பொங்கோலா ஈசூனா, ஈசூனா பொங்கோலா. ஊரில் இருக்கும் அண்ணனிடம் போனில் புலம்பினால், "உங்க சிங்கப்பூரே ஒரு கையகலம், அதுல எங்க இருந்தா என்ன?" என்று சிரிக்கிறார். 730 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் மொத்தத் தீவும், அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் கையகலத்துக்குள் இருந்துகொண்டு வீடு தேடுகிறவர்களுக்கு இரண்டு எம்ஆர்டி ரயில் நிறுத்தமே இரண்டு ஜில்லா மாதிரி.

எங்களுக்குப் பொறுமையாகக் காத்திருக்க வழியில்லை. அரசு கட்டித் தரும் புது பிடிஓ வீட்டுக்கு எழுதிப்போட்டால் கட்டி முடித்துச் சாவி கைக்கு வர மூன்று நான்கு வருஷம் ஆகும், மகளுக்கு அடுத்த வருஷம் தொடக்கநிலை ஒன்றுக்குப் பதிய வேண்டும், பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால்தான் இடம் கிடைப்பதில் முதல் முன்னுரிமை. அதனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு, நாலறை, அதுவும் உடனே.

என் வீட்டுக்காரருக்குப் பொங்கோல்தான். திருவையாற்றில் காவிரிக்கரையில் வளர்ந்தவர், தண்ணீரைப் பார்த்தால் உருகிவிடுவார். 2011இல் திறந்த பொங்கோல் நீர்வழி 4.2 கிலோமீட்டர், அதன் கரையோரம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்துவிட்டு வந்ததோடு அவர் மனசு முடிவு பண்ணிவிட்டது. பன்றிப்பண்ணையும் கடலோர நண்டுக்கடையுமாக இருந்த இடமா இது என்று பழைய ஆட்களே வியக்கிறார்கள். வீடுகளும் பெரும்பாலும் இருபது வருஷத்துக்கு இந்தப் பக்கம் கட்டியவை, பளிச்சென்று இருக்கின்றன. வடகிழக்கு ரயில் தடத்தில் ஏறினால் மாறாமலே லிட்டில் இந்தியா, அங்கே தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு அதே ரயிலில் திரும்பலாம். 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறக்கும்வரை இங்கேதான் தடம் தொடங்கியது, இப்போது இரண்டாவது நிலையம், அப்படியும் காலையில் உட்கார இடம் கிடைக்கும் என்பது அவருடைய பெரிய வாதம்.

ஆனால் அந்த எம்ஆர்டிக்குப் போய்ச் சேரணுமே. நாங்கள் பார்த்த வீட்டிலிருந்து எல்ஆர்டி என்ற குட்டி ரயிலைப் பிடித்துத்தான் போக வேண்டும், ஒன்றோ இரண்டோ பெட்டிதான் அதில், காலை எட்டு மணிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சும்மா சோதனைக்காக ஏறிப் பார்த்தேன், குழந்தை வண்டிகள் மூன்று, பள்ளிப் பைகள் முதுகுமுதுகாக, நான் கதவில் ஒட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமை சாயங்காலம் ஊரைப் பார்த்து வீடு வாங்கக்கூடாது. செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்.

ஈசூன் என் கட்சி. அந்தப் பெயரைக் கேட்டாலே இங்கே இணையத்தில் கேலிதான், ஏதாவது வினோதமான செய்தி வந்தால் "ஈசூனாகத்தான் இருக்கும்" என்பார்கள். எனக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. அன்னாசி, ரப்பர் வியாபாரத்தில் பெரிய ஆளாக இருந்த லிம் நீ சூன் பெயர்தான் மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் ஆயிற்று, வயசானவர்கள் இன்னும் நீ சூன் என்றே சொல்கிறார்கள். அவர் மகன் பெயரில் இருப்பதுதான் சோங் பாங். நான் விழுந்தது அந்தச் சோங் பாங் சந்தையில்.

வீடு பார்க்கப் போன அன்று ஏஜெண்ட் வரத் தாமதமாயிற்று, மாமியாரும் நானும் ஈரச்சந்தைக்குள் நுழைந்தோம். வஞ்சிரத்துக்கு இங்கே பெயர் பத்தாங். சீன மீன்கடைக்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கவில்லை, நேராக மாமியாரைப் பார்த்து, "கறி? ஃப்ரை?" என்றார். கறி என்றால் கனத்த துண்டு, தலையைப் பிளந்து தனியாக வைப்பார், பொரிக்க என்றால் மெல்லிசு. மாமியாரம்மா விரலால் கனம் காட்டினார்கள், அவர் தலையசைத்தார், முடிந்தது. தமிழும் சீனமும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வெளியே வரும்போது பையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் இருந்தது. பொங்கோலில் பேரங்காடி இருக்கிறது, எல்லாம் கிடைக்கும், ஆனால் வருஷத்தில் பாதி நாள் எங்களோடு தங்கும் அம்மா தனியாக இறங்கிப் போய் வாங்கிவர ஓர் இடம் வேண்டாமா?

அங்கிருந்து நேராகப் பொங்கோல் வீட்டுக்கு, 85ஆம் எண் பஸ்ஸில். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தது நல்லதாகப் போயிற்று, சமையலறை வித்தியாசம் உறைத்தது. ஈசூன் வீடு 104 சதுர மீட்டர், பொங்கோல் வீடு 92, இரண்டுக்கும் பெயர் நாலறைதான். பொங்கோல் சமையலறையில் கிரைண்டரை வைத்தால் நான் வெளியே நிற்கணும். விலை மட்டும் அங்கேதான் கூட.

சரி, ஈசூனில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது, பெரிய ஓட்டை. அந்த அடுக்குமாடிப் புளோக் 1986இல் கட்டியது. வீவக வீட்டுக்குக் குத்தகை 99 வருஷம், அதில் மிச்சம் இருப்பது 60. வாங்குகிறவர்களில் இளையவரின் வயசோடு மிச்சக் குத்தகையைக் கூட்டினால் 95ஆவது வர வேண்டும், வராவிட்டால் மசேநிதி (மத்திய சேமநிதி) பணத்தை முழு அளவுக்கு எடுக்க முடியாது. எனக்கு 37, கூட்டினால் 97, தப்பித்தோம். ஆனால் இருபது வருஷம் கழித்து நாங்கள் விற்கப் போனால் வாங்க வருகிறவர் இதே கணக்கைப் போடுவாரே. என் வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. உண்மையில் அன்று ராத்திரி பொங்கோலுக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் கோட்டா.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் இனத்தவர் ஒரே இடத்தில் குவிந்துவிடக்கூடாது என்று 1989இல் கொண்டுவந்த விதி. இந்தியருக்கும் 'மற்றவர்' என்ற பிரிவினருக்கும் சேர்த்து ஒரு புளோக்கின் வீடுகளில் 15 விழுக்காடு, அக்கம்பக்கம் முழுதுக்கும் 12, அதற்கு மேல் போனால் கதவு மூடிவிடும். இந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படும். நாங்கள் பொங்கோல் வீட்டைப் பார்த்தது மாதக் கடைசி, ஏஜெண்ட் "கோட்டா இருக்கு, ஒண்ணும் அவசரமில்லை" என்றார், நாங்களும் வார இறுதியில் முன்பணம் கொடுக்கலாம் என்று இருந்துவிட்டோம். இடையில் 1ஆம் தேதி வந்தது. பார்த்தால் இந்தியருக்கு இடமில்லை, விற்கிறவர் சீனர் என்பதால் எங்களால் வாங்க முடியாது. இந்தியர் விற்றால் இந்தியர் வாங்கலாம், விகிதம் மாறாது பாருங்கள். கோட்டா நிரம்பிய புளோக்கில் விற்கும் இந்தியருக்கு வாங்க ஆள் குறைவு, அதனால் விலையும் கொஞ்சம் இறங்கும். வாங்க வந்த எனக்கு அது லாபம், நாளைக்கு விற்கப் போகும் எனக்கு அதுவே நஷ்டம். விதியின் நோக்கம் நல்லதுதான், குறை சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வயிறு எரிந்தது.

ஏஜெண்டை நம்பாதீர்கள், வீவக தளத்தில் புளோக் எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள், முன்பணம் கொடுக்கும் அன்றைக்கும் ஒருமுறை பாருங்கள்.

ஈசூன் புளோக்கில் கோட்டா இருந்தது. வேலைக்குப் போவதில் என் வீட்டுக்காரருக்குப் பெரிய நஷ்டம் இல்லை, ஆபீஸ் டோபி காட் நிலையத்துப் பக்கம், ஈசூன் வழியாக வரும் வடக்கு தெற்குத் தடமும் பொங்கோலின் வடகிழக்குத் தடமும் அங்கே சந்திக்கின்றன, ஐந்து நிமிஷம்தான் வித்தியாசம். தேக்காவுக்கு நியூட்டனில் மாறி ஒரு நிறுத்தம். அம்மாவுக்கு ஈசூன் தொழிற்பேட்டைக்குள் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில், பங்குனி உத்திரத்துக்குக் காவடி பார்க்கத் தீவெங்கிலும் இருந்து வருவார்கள். முருகன் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும் அவர்கள் ஓட்டு எனக்கு.

போன மாதம் சாவி வாங்கினோம். சந்தைக்குப் பக்கத்தில் புதுக் கட்டட வேலை நடக்கிறது, பகலெல்லாம் சத்தம், இதை வீடு பார்க்க வந்த அன்று நான் கவனிக்கவே இல்லை, என் வீட்டுக்காரர் கவனித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு 85 ஏறிவிடுகிறார், நீர்வழியில் நடக்க. மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள்.