வேடந்தாங்கல் மடைத் தண்ணீர்

தை மாதத்தில் வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள், நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரைகளைப் பார்த்துவிட்டு, மடைவழியே வயலுக்குப் பாயும் தண்ணீரைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். பறவைகளின் எச்சம் கரைந்து, பச்சை நிறத்தில் சற்றே வாடையுடன் ஓடும் அந்தத் தண்ணீரில் தழைச்சத்து மிகுந்திருப்பதால், அதைப் பாய்ச்சும் நெல்லுக்கு யூரியா குறைவாகவே போதும் என்பது அவ்வூர் உழவர்களின் நெடுநாள் அனுபவம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமையை எழுத்திலேயே வாங்கிக்கொண்டதற்கும் இந்த வயல் கணக்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். (சரணாலயம் என்ற அரசு முத்திரை வந்தது 1936-இல்தான்.)

என் கவலை வேறு. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். பறவைகள் இரை தேடுவதோ சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும். அங்கே பூச்சிமருந்தால் நத்தையும் தவளையும் அற்றுப்போனால், ஏரிக்கு மட்டும் வேலி போட்டு என்ன பயன்? அதற்காக, கடன் வாங்கிப் பயிரிட்டவர் பயிரைக் காக்க மருந்தடிப்பதைக் குறைசொல்வதும் நியாயமில்லை. மருந்தைக் குறைத்து விளைவித்த நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாயாவது கூட்டிக் கொடுக்கலாம்.