ஐஸ் பார்சல் அம்பது!

அமெரிக்காவில், ஒஹாயோவில் ஒரு கல்லூரி ஃபுட்பால் அணிக்கு நான் டாக்டர். ஃபுட்பால் என்றால் நம்மூர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம். இது திருநெல்வேலி டவுனில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த சேதி, பரப்பியது அம்மா. நிஜத்தில் நான் பார்ப்பது பிளாஸ்டிக் பையில் ஐஸ் அள்ளிப் போட்டு முடிச்சுப் போடுகிற வேலை.

இளங்கலை மூன்றாம் வருஷம். ஸ்போர்ட்ஸ் மெடிசின் பிரிவுக்கு மாணவ உதவியாளர்கள் வேண்டும் என்ற நோட்டீஸைப் பார்த்ததுமே, மைதானத்தில் சுருண்டு கிடக்கும் வீரனை நோக்கி நான் மருந்துப் பையோடு ஓடுவது ஸ்லோமோஷனில் தெரிந்தது. முதல் நாளே ஹெட் அத்லெட்டிக் ட்ரெய்னர் அந்தப் படத்தைப் பெட்டியிலேயே தூங்க வைத்துவிட்டார். "காயத்தைத் தொடக் கூடாது. என்ன காயம் என்று யூகிக்கக் கூடாது. யார் எதற்கு வந்து படுத்திருந்தான் என்று ரூம்மேட்டிடம்கூட மூச்சு விடக் கூடாது." இத்தனையும் சொல்லிவிட்டு, டேபிள் துடைக்க ஒரு துணியையும் ஸ்ப்ரே பாட்டிலையும் கையில் கொடுத்தார்.

அத்லெட்டிக் ட்ரெய்னர் என்றால் ஜிம்மில் "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்று கத்துகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் எங்கள் ஹெட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காயத்தை மைதானத்திலேயே பரிசோதித்து, முதலுதவி செய்து, அந்த ஆள் மறுபடி இறங்கி ஆடும்வரை தேற்றுகிற, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிய மருத்துவத் துறை ஆள் அவர். முன்பெல்லாம் இளங்கலையிலேயே இதைப் படிக்கலாம். 2022-க்குப் பிறகு இளங்கலையில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தி, முதுகலைப் படிப்பாக்கிவிட்டார்கள். எனக்கு முந்தியவர்கள் என் வயதில் மேற்பார்வையோடு கணுக்காலுக்கு டேப் சுற்றிப் பழகினார்கள். நான் டேப் பெட்டி அடுக்குகிறேன். ஆசைக்கு ஒருநாள் ரூம்மேட் காலில் சுற்றிப் பார்த்தேன். அடியில் ப்ரீ-ராப் என்று மெல்லிய ஸ்பான்ஜ் சுருள் ஒன்று சுற்ற வேண்டும், மறந்துவிட்டேன். பிய்த்து எடுக்கும்போது அவள் சொன்ன வார்த்தைகளில் பாதி எனக்குப் புதுசு.

ஆகஸ்ட் கேம்ப் தொடங்கியது. 'திருநெல்வேலிக்காரிக்கு இதெல்லாம் ஒரு வெயிலா' என்று தொப்பிகூட இல்லாமல் போய் நின்றேன். அரைமணி நேரத்தில் தெரிந்தது, இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை உருக்கும். அதில் இவர்கள் ஹெல்மெட் வேறு மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். உடம்பு பழகட்டும் என்று முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், அப்புறம் தோள்கவசம், அதற்கும் அப்புறம்தான் முழு வேஷம். ஓரமாக ஒரு பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் எப்போதும் தயாராக இருக்கும். யாராவது வெப்பத்தாக்கில் விழுந்தால் ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் அதில் இறக்கிவிட வேண்டும். முதலில் குளிர வை, பிறகு அனுப்பு. 2001-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அணியின் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சியில் வெப்பத்தாக்கில் விழுந்து மறுநாள் இறந்துபோனார். ஒஹாயோவில் பிறந்து இங்கேயே கல்லூரியில் ஆடியவர். அந்தத் தொட்டியை நிரப்புவது என் பொறுப்பு. அதில் மட்டும் நான் விளையாட்டுக் காட்டியதில்லை.

தண்ணீர் கொடுக்க ஒரு வண்டி உண்டு. நீளக் குழாயில் ஆறேழு முனை. ஒரே நேரத்தில் ஆறேழு பேர் குனிந்து குடிக்கலாம். அதற்கு 'வாட்டர் கவ்' என்று பெயர். சத்தியமாக நான் வைத்ததில்லை. எங்கள் ஊராக இருந்தால் மாட்டுப் பொங்கலுக்குப் பொட்டு வைத்திருப்போம்.

இனி ஐஸ். பயிற்சி முடிந்ததும் தோளுக்கு, முட்டிக்கு, கணுக்காலுக்கு என்று அம்பது பை கேட்டு வரிசை நிற்கும். வரிசையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டவுனில் மாமாவுக்கு ஹோட்டல். பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் பார்சல் கவுண்டரில் என்னைத்தான் உட்கார வைப்பார். சாம்பார் பையைச் சுழற்றி, நூலை ரெண்டு சுற்றுச் சுற்றி இழுத்தால் மூணு செகண்ட். ஆகவே இங்கும் கடகடவென்று கட்டித் தள்ளினேன். பத்தாவது பை போகும்போது ஹெட் ஒன்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். பந்து மாதிரி உப்பியிருந்தது. கொண்டுபோனவன் முட்டியில் வைக்க, அது உருண்டு டேபிளுக்கு அடியில் ஓடியது. வைத்தான். மறுபடி ஓடியது.

"காற்றை உறிஞ்சி எடு. அப்போதுதான் தோலோடு ஒட்டி உட்காரும்" என்றார். வாயை வைத்து உறிஞ்சி, சப்பையாக்கி, முறுக்கி முடிச்சுப் போட வேண்டுமாம். பத்து வருஷக் கைப்பழக்கத்தைத் தலைகீழாக மாற்ற எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

வேகம் பிடித்துப் பேர் வாங்கிய நேரத்தில்தான் ஊறுகாய் விவகாரம். கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் சிலருக்கு இங்கே 'பிக்கிள் ஜூஸ்' கொடுப்பார்கள். வெள்ளரிக்காயை வினிகரில் ஊறவைத்த தண்ணீர். அது வயிற்றில் இறங்கி ரத்தத்தில் சேரும் முன்பே பிடிப்பு விட்டுவிடுகிறதாம். வாயில் புளிப்பு படும் வேகத்தில் நரம்பு மனசு மாறிவிடுகிறது என்கிறார்கள். நூற்று முப்பது கிலோ லைன்மேன் ஒருவன் (கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவர் இல்லை, முன்வரிசையில் நின்று மோதுகிற ஆட்டக்காரன்), நான் மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போது வந்து நின்றான். "அது என்ன?" "பிக்கிள்" என்றேன். மொழிபெயர்ப்பில் தவறில்லை. "இந்தியப் பிக்கிளா! அப்போ இன்னும் ஸ்ட்ராங்காக இருக்குமே" என்று, நான் டப்பாவை இழுக்குமுன் அம்மா போட்ட நார்த்தங்காயில் ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காது சிவந்தது. வாட்டர் கவ்வை நோக்கி அவன் ஓடிய ஓட்டத்தை அந்த சீசனில் வேறு எந்த ஆட்டத்திலும் நான் பார்க்கவில்லை. திரும்பும்போது வாய் நிறைய ஐஸ்.

சத்தம் கேட்டு ஹெட் வந்தார். "இவனுக்கு என்ன ஆச்சு?"

"யூகிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள்" என்றேன்.

மறுநாள் வெள்ளைப் பலகையில் புது விதி: மாணவ உதவியாளர்களின் சாப்பாடு மருந்து அல்ல.

போன ஞாயிறு வீடியோ கால். டாக்டர் வேலை பார்ப்பதைக் காட்டு என்று அம்மா நச்சரிக்க, பயிற்சி அறையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து போனை அலமாரியில் சாய்த்துவிட்டு, பை எடுத்து, ஐஸ் போட்டு, உறிஞ்சி, முறுக்கி, முடிச்சு. மூணு செகண்ட். அந்தப் பக்கம் அம்மா சத்தமே இல்லை. பின்னாலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன கட்டுத நீ? காத்து விட்டுக் கட்டு. இப்படிச் சப்பையாக் கொடுத்தா அளவு கம்மின்னு சண்டைக்கு வருவான்லா!"